சிற்பியின் சமையலறை: கால்டரும் மெட்ராஸ் ஆர்ட் ஸ்கூலும்

ஒரு சிற்பியைப் பற்றி எத்தனை வகைப் புத்தகம் வரலாம்? என் கணக்கில் மூன்று. அவர் காகிதத்தில் போட்ட கோடுகளைப் பற்றி ஒன்று. ஊர் நடுவில் நிறுத்திவைத்த பெரிய உருவங்களைப் பற்றி ஒன்று. மூன்றாவது, வீட்டுக்குள்ளே தனக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் செய்துகொண்ட சாமான்களைப் பற்றியது. கரண்டி, விளக்கு, சாம்பல் கிண்ணம், பொம்மை, மோதிரம் இந்த மாதிரி. முதல் இரண்டு வகையும் ஓரளவு பெயர் வாங்கிய சிற்பிக்கு எப்படியாவது வந்துவிடும். கண்காட்சி நடத்துகிறவர் ஓவியத் தொகுப்பு போடுவார், அரசாங்கம் சிலைக்கு மலர் போடும். மூன்றாவது வகை அபூர்வம்.

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டருக்கு (1898–1976) மூன்று வகையும் இருக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு எழுந்த கேள்வி கால்டரைப் பற்றியது அல்ல, நம்ம மெட்ராஸ் சிற்பிகளைப் பற்றியது. ஆனால் கால்டர் வழியாகப் போனால்தான் அது புரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால்டர் மூன்றாம் தலைமுறைச் சிற்பி. பிலடெல்பியா நகர மண்டபத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலையைச் செய்தது தாத்தா. அப்பாவும் சிற்பி, அம்மா ஓவியர். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையன் கலைப்பள்ளிக்குப் போகவில்லை, மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து 1919இல் பட்டம் வாங்கினான். அப்புறம்தான் நியூயார்க்கில் ஓவியம். பத்திரிகைக்குப் படம் போட்டுப் பிழைத்த காலத்தில் மிருகக்காட்சி சாலையில் உட்கார்ந்து குரங்கு, மான், யானை என்று வரைந்து தள்ளியிருக்கிறார். 1926இல் அது 'அனிமல் ஸ்கெட்சிங்' என்று சின்னப் புத்தகமாக வந்தது. முதல் வகைக்கு இதையே எடுத்துக்கொள்ளலாம். தூரிகையை அதிகம் தூக்காமல் போட்ட கோடுகள். கண், காது, ரோமம் என்று நுணுக்கம் எதுவும் கிடையாது. மிருகம் அடுத்து எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பது மட்டும் தெரியும்.

அதே காலத்தில் பாரிஸுக்குப் போனவர், காகிதத்தில் போட்ட அதே கோட்டைக் கம்பியில் போட ஆரம்பித்தார். குறட்டால் கம்பியை வளைத்து மனிதத் தலைகள், சர்க்கஸ் ஆட்கள். 1930இல் மோந்த்ரியானின் ஓவியக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தபின் உருவங்களை விட்டுவிட்டுத் தகடும் கம்பியுமாக அசையும் சிற்பங்களுக்குப் போனார். அவற்றுக்கு 'மொபைல்' என்று பெயர் வைத்தவர் மார்சேல் தூஷாம். அசையாமல் நிற்பவற்றுக்கு 'ஸ்டேபிள்' என்று பெயர் வைத்தவர் ழான் ஆர்ப். இதெல்லாம் எல்லா கலை வரலாற்றிலும் இருக்கிற விஷயம்.

எனக்குச் சுவாரசியம் தட்டியது பெத்ரோ குவெரெரோ என்ற புகைப்படக்காரரின் 'கால்டர் அட் ஹோம்' புத்தகத்தில். கனெக்டிகட் மாநிலத்தில் ராக்ஸ்பரி என்ற ஊரில் 1933இல் கால்டர் வாங்கிய பழைய பண்ணைவீடு. அந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்குகிறவற்றைப் பாருங்கள். கரண்டி, முள்கரண்டி, வடிகட்டி, ரொட்டி சுடும் கம்பி என்று வரிசையாக எல்லாம் அவரே அடித்து வளைத்தது. டப்பாத் தகரத்தில் வெட்டின தட்டு. கழிப்பறையில் காகிதச் சுருளைப் பிடித்துக்கொண்டிருப்பது கம்பியில் செய்த ஒரு மனிதக் கை! கடையில் பத்துக் காசுக்குக் கிடைக்கிற சாமானை ஏன் செய்துகொண்டிருக்கிறார் என்றால், கைப்பிடி உடைந்திருக்கிறது, பட்டறையில் கம்பி இருக்கிறது, கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். மனைவி லூயிசாவுக்கு நிச்சயதார்த்த மோதிரமும் அவரே செய்தது. நகைகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல்.

இந்தக் கரண்டிகளை வெறும் வேடிக்கையாகப் பார்த்துவிட்டுப் போகலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. கரண்டிக் காம்பை அவர் சேர்த்திருக்கும் இடத்தைக் கவனித்தால் பற்ற வைத்திருக்க மாட்டார். கம்பியைச் சுற்றி முறுக்கியிருப்பார், இல்லாவிட்டால் ஓட்டை போட்டு மடக்கியிருப்பார். மொபைலில் ஒரு தகடு இன்னொரு கம்பியில் தொங்கும் இடத்திலும் அதே முறுக்குதான். சாப்பாட்டு மேசையில் கையில் எடுத்துப் பார்த்து, கனம் எங்கே விழுகிறது, எங்கே சாய்கிறது என்று அறிந்துகொண்ட மனுஷன் அதையே கூரையிலிருந்து தொங்கவிட்டான். ஆகவே வீட்டுச் சாமான் என்பது சிற்பியின் ஓய்வு நேரப் பொழுதுபோக்கு இல்லை. ஓவியத்துக்கும் பெரிய சிற்பத்துக்கும் நடுவில் இருக்கிற படி அது. அந்தப் படியை எடுத்துவிட்டால் காகிதத்தில் இருந்த கோடு எப்படி நாற்பதடி உயரத்துக்குப் போயிற்று என்பது மாயமாகத்தான் தெரியும்.

நாற்பதடி என்று சும்மா சொல்லவில்லை. மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராபிட்ஸ் நகரச் சதுக்கத்தில் 1969இல் நிறுவிய 'லா கிராந்த் வித்தேஸ்' 43 அடி உயரம், 42 டன் இரும்பு, சிவப்புப் பெயின்ட். முதலில் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் திட்டினார்கள். இப்போது அந்த ஊரின் சின்னமே அதுதான், முனிசிபாலிட்டி குப்பை லாரியில்கூட அந்தப் படம். சிகாகோவின் 'ஃபிளமிங்கோ' 1974, அது 53 அடி. இவற்றின் கதைக்கு ஜெட் பெர்ல் எழுதிய இரண்டு பாக வாழ்க்கை வரலாற்றின் இரண்டாம் பாகத்தைப் பார்க்கலாம். 2020இல் வந்தது.

இந்தப் பெரிய இரும்பு வேலையின் படங்களை அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டி வளைக்கிற பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் காட்டினேன். கலை பற்றியெல்லாம் அவருக்கு அக்கறை கிடையாது. ஆனால் ஒரு படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு உடனே சொன்னார்: "இந்த ரிப்பு பின்னாடி போட்டது அண்ணே. டிராயிங்ல இருந்திருக்காது. சின்ன மாடல்ல தகடு தானா நிக்கும், இந்த சைஸுக்கு அது பேப்பர் மாதிரி. காத்து அடிச்சா உதறும்." சரியான கணிப்பு. கால்டர் தன் மேசையில் அலுமினியத் தகட்டைக் கத்தரித்து, கையில் அடங்குகிற மாதிரியைச் செய்வார். பிரான்சில் தூர் நகரத்தில் பியெமோன் என்ற இரும்புப் பட்டறை அதைப் பெரிதாக்கும். முதலில் ஒரு நடுத்தர அளவு செய்து பார்த்து, எங்கே தொய்கிறதோ அங்கே விலா எலும்பு மாதிரிப் பட்டைகளும் போல்ட்டுகளும் சேர்ப்பார்கள். கால்டர் அந்தப் பட்டைகளை மறைக்கச் சொன்னதில்லை. நடுவில் நின்று பார்த்து, சாக்பீஸால் கோடு போட்டு, இங்கே வை என்பார். எங்க பக்கத்துப் பட்டறைக்காரர்களோடு அவருக்கு நன்றாக ஒத்துப்போயிருக்கும் என்று தோன்றுகிறது. கப்பல் கட்டுகிற, கொதிகலன் செய்கிற ஆட்களோடு ஒத்துப்போனவர்தானே.

கால்டர் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். அகமதாபாத்தின் கிரா சாராபாய் 1954இல் கடிதம் எழுதி அழைத்தார். பயணம், தங்கும் இடம், சுற்றிப் பார்க்க வசதி எல்லாம் நாங்கள் தருகிறோம், பதிலுக்குச் சில சிற்பங்கள் செய்து தாருங்கள் என்று ஒப்பந்தம். 1955 ஜனவரியில் லூயிசாவோடு வந்து, சாராபாய் குடும்பத்தின் ஷாகிபாக் தோட்டத்தில் வெட்டவெளியில் பட்டறை போட்டு, உள்ளூரில் கிடைத்த தகடு, கம்பி, கூடவே பெண்களுக்கு நகை என்று வேலை செய்தார். பெரிய ஆர்ட் ஸ்டூடியோ எதுவும் கேட்கவில்லை. வேலைசெய்ய ஒரு மேசை, குறடு, தகடு வெட்டுகிற கத்தரி இருந்தால் போதும் அந்த ஆளுக்கு.

சாராபாய் வீட்டுக்கு அடுத்து வந்தவர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி. 1958இல் அவர்கள் இந்திய அரசுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் நம் செம்பைப் புகழ்ந்து ஒரு பகுதி உண்டு. தூக்குகிற கை, ஊற்றுகிற வாய், தலையில் வைக்கிற அடி, விலை, சத்தம், தேய்க்கிற வசதி என்று ஒரு சாதாரணச் செம்பில் எத்தனை விஷயம் தீர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டிருப்பார்கள். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்ததற்குப் பின்னால் அந்த அறிக்கை இருக்கிறது. ஆக வடக்கே, நவீன கலையும் வீட்டுச் செம்பும் ஒரே மேசையில் உட்கார்ந்ததற்கு ஒரு தேதி, ஒரு வீடு, ஒரு அறிக்கை இருக்கிறது. எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ரொம்ப நல்லது.

ஆனா நம்ம ஊரில் அது அதற்கு அறுபது வருஷம் முன்னாடியே நடந்திருக்கிறது. அதுவும் எங்க ரோட்டிலேயே.

எங்க ரோடு என்றால் பூந்தமல்லி நெடுஞ்சாலை. இந்தப் பக்கம் பூந்தமல்லி, வேலப்பன்சாவடி, மதுரவாயல் என்று ஆரம்பிக்கிற சாலை கோயம்பேடு, அமைந்தகரை, கீழ்ப்பாக்கம் தாண்டி எழும்பூர் பெரியமேட்டுக்குப் போகும்போது இடையில் வரும் சிவப்புக் கட்டடம்தான் ஓவியக் கல்லூரி. இன்று அரசு கவின்கலைக் கல்லூரி. பழைய ஆட்களுக்கு ஆர்ட் ஸ்கூல். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் தன் சொந்தச் செலவில் தொடங்கினார். அடுத்த வருஷம் அதோடு ஒரு தொழிற்பள்ளியையும் சேர்த்தார். 1855 வாக்கில் அரசு எடுத்துக்கொண்டது. தொழிற்பள்ளியில் என்ன செய்தார்கள் தெரியுமா? செங்கல், ஓடு, ஜாடி, பானை. இந்தியாவின் முதல் கலைப்பள்ளி என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற இடம் ஒரு பாதி மண்பாண்டச் சாலையாகத்தான் இருந்திருக்கிறது.

இதை விடப் பெரிய கதை அலுமினியம். ஆல்ஃபிரட் சாட்டர்டன் மெட்ராஸ் இன்ஜினியரிங் கல்லூரியில் பேராசிரியராக வந்தவர். கிணற்றில் ஆயில் இன்ஜின் வைத்து நீர் இறைப்பது, குரோம் முறையில் தோல் பதனிடுவது என்று இந்த மாகாணத்தில் அவர் கைவைக்காத தொழில் குறைவு. ஆர்ட் ஸ்கூல் அவர் பொறுப்பில் இருந்தபோது, 1898இல், அங்கே அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார். அலுமினியம் அப்போது புது உலோகம். மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் முறை 1886இல் கண்டுபிடித்த பிறகுதான் அதன் விலை சாதாரண ஆளுக்கு எட்டுகிற பக்கம் இறங்க ஆரம்பித்திருந்தது.

நம் சமையலுக்கு இருந்த பிரச்சினை என்ன? புளி. பித்தளையிலும் செம்பிலும் புளி பட்டால் களிம்பு ஏறும். அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும், அது தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். "பாத்திரத்துக்கு ஈயம் பூசறது" என்று தெருவில் கத்திக்கொண்டு வருகிறவர் துருத்தியை வைத்து வாசலில் உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அலுமினியத்துக்கு ஈயம் வேண்டாம், தூக்கவும் லேசு. சாட்டர்டன் புது இயந்திரத்தை எதிர்பார்த்து உட்காரவில்லை. தகட்டை வெளிநாட்டிலிருந்து வாங்கி, செம்பும் பித்தளையும் அடித்துப் பழகிய கன்னார்களின் கையில் கொடுத்தார். அதே சுத்தி, அதே பட்டடை, அதே குண்டான் வடிவம், உலோகம் மட்டும் வேறு. வியாபாரம் பிடித்துக்கொண்டது. 1900இல் இந்தியன் அலுமினியம் கம்பெனி என்று தனியார் நிறுவனம் வந்தது, 1903இல் பள்ளியின் அலுமினியப் பிரிவு அதனிடம் போயிற்று. நம் பாட்டி வீட்டு அலுமினியக் குண்டானின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் ஒரு கலைப்பள்ளியின் வாசலில் போய் நிற்போம் என்பதை எத்தனை கலை வரலாறு சொல்கிறது? தொழில் வரலாறு எழுதுகிறவர்கள் சாட்டர்டனை விடாமல் எழுதுகிறார்கள். கலை எழுதுகிறவர்கள் அவரைத் தாண்டிக் குதித்து 1929க்கு வந்துவிடுகிறார்கள்.

1929 ஏன் என்றால் அந்த ஆண்டுதான் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்புக்கு வந்தார். பள்ளியின் முதல் இந்தியத் தலைவர். வங்காளி, அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் படித்தவர், மல்யுத்தம் தெரியும், வேட்டைக்குப் போவார், புல்லாங்குழல் வாசிப்பார், வங்காளியில் கதையும் எழுதுவார். கிட்டத்தட்ட முப்பது வருஷம் அங்கே ராஜா மாதிரி இருந்தார். நேரில் ஆளை நிறுத்திப் பார்த்து வரைவது, வெளியே போய் வரைவது என்பதெல்லாம் அவர் காலத்தில் உறுதிப்பட்டவை. பள்ளி 'தொழில்' என்ற பக்கத்திலிருந்து 'கலை' என்ற பக்கத்துக்குச் சாய்ந்ததும் அவர் காலத்தில்தான். நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அந்தச் சாய்வு இல்லாமல் பின்னால் வந்த நவீன ஓவியர் கூட்டம் வந்திருக்காது. பாண்டம் செய்கிற கை இரண்டாம் தரம் என்ற எண்ணமும் அதோடு கூடவே வந்தது.

மூன்றில் பெரிய சிற்பம் என்ற வகைக்கு ராய் சௌத்ரியை விட்டால் ஆள் இல்லை. பாட்னாவில் 1942 போராட்டத்தில் சுடப்பட்ட ஏழு மாணவர்களின் நினைவுச் சின்னம் அவருடையது. மெரினாவில் காந்தி சிலை அவருடையது. 1959 ஜனவரியில், குடியரசு தினத்துக்கு முந்தின நாள் திறந்த உழைப்பாளர் சிலை அவருடையது. நாலு பேர், ஒரு பாறை, நெம்புகோல். தலைவர் என்று யாரும் இல்லை, முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல முடியாது. உடம்பு முழுக்க ஒரே திசையில் தள்ளுகிறது. மாதிரியாக நின்று கொடுத்தவர்களில் கல்லூரிக் காவலாளி ஒருவரும் உண்டு என்று சென்னை வரலாறு எழுதுகிறவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் இதே கடற்கரையில்தான் என்பதால் தொழிற்சங்கங்கள் இந்தச் சிலையைத் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டன. கிராண்ட் ராபிட்ஸ் குப்பை லாரி மாதிரி நமக்கு பஸ் ஸ்டாப். "உழைப்பாளர் சிலை ஒண்ணு குடுங்க" என்று டிக்கெட் கேட்கிறவர்களில் சிற்பி பெயர் தெரிந்தவர் நூறில் ஒருவர் இருந்தால் அதிகம். நம் ஊர்ச் சிலைக் கல்வெட்டுகளும் அப்படித்தான். திறந்துவைத்தவர், தலைமை, முன்னிலை எல்லாம் இருக்கும், செய்தவர் பெயரைத் தேட வேண்டும்.

ராய் சௌத்ரிக்குப் பிறகு 1957இல் கே.சி.எஸ். பணிக்கர். இங்கேதான் எனக்கு வேண்டிய விஷயம் மறுபடி தலைகாட்டுகிறது. பணிக்கரின் மாணவர்கள் டிப்ளமோ வாங்கி வெளியே வந்தால் வேலை இல்லை. படம் வாங்க ஆளும் இல்லை. மெட்ராஸில் அப்போது ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குகிற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். விளம்பர கம்பெனிக்கோ நெசவு வடிவமைப்பு மையத்துக்கோ போனால் சம்பளம் உண்டு, சொந்த வேலைக்கு நேரம் இருக்காது. பணிக்கர் கண்ட வழி கைவினை. 1963இல் ஓவியர்கள் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். தினமும் கொஞ்ச நேரம் பத்திக் துணி, தோல் வேலை, உலோகத் தட்டு, மண் சாமான் செய்வது. மிச்ச நேரம் சொந்த ஓவியம், சிற்பம். பத்திக் நன்றாக விற்றது. அந்தக் காசில்தான் இஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது. இதை வேறு விதமாகச் சொல்கிறேன்: இந்தியாவில் கலைஞர்கள் தாங்களே சம்பாதித்து உண்டாக்கிக்கொண்ட மிகப் பெரிய குடியிருப்பின் அஸ்திவாரம் திரைச்சீலையும் மேசை விரிப்பும் சாப்பாட்டு மேசைத் தட்டும்.

அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தின் சிற்பங்களைப் பாருங்கள். பி.வி. ஜானகிராம் (1930–1995) செம்புத் தகட்டில் வேலை செய்தார். தகட்டை வெட்டி, அடித்துப் புடைத்து, மேலே கம்பியைப் பற்றவைத்து நகை, மடிப்பு, மயிர் எல்லாம் கொண்டுவருவார். உருவத்துக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. பின்னால் போய்ப் பார்த்தால் வெற்றுத் தகடு. ஐரோப்பியக் கண்ணோட்டத்தில் இது குறை, சிற்பம் என்றால் சுற்றி வந்து பார்க்க வேண்டும். நம் கோயிலில் மூலவருக்குச் சாத்துகிற கவசத்தைப் பார்த்த கண்ணுக்கு இது புதிதே இல்லை. கவசத்துக்குப் பின்பக்கம் எதற்கு? பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) செம்பும் பித்தளையும் பற்றவைத்து, மேலே எனாமல் வண்ணம் ஏற்றினார். இவர்களையெல்லாம் எழுதுகிற கட்டுரைகளில் கோயில் கவசம் என்ற வரி தவறாமல் வரும். தவறில்லை. ஆனால் ஆர்ட் ஸ்கூலில் 1898இலேயே தகடு அடித்த கன்னார் கை, 1963இல் விற்பனைக்கு அடித்த உலோகத் தட்டு, எனாமல் கிண்ணம் எங்கே போயின? தெய்வீகமான பாட்டனாரைச் சொல்லிவிட்டுச் சமையல்கட்டு அத்தையை மறைத்த மாதிரி இருக்கிறது.

இதே கல்லூரியில் படித்த கானாயி குஞ்ஞிராமன் 1969இல் மலம்புழா அணைத் தோட்டத்தில் 30 அடி யக்ஷியைச் செய்தார். அது தகடு அல்ல, சிமென்ட், வேறு கதை. அதற்கு இங்கே இடமில்லை.

இப்போது என் அலமாரிக்கு வருகிறேன். முதல் வகையில் நமக்குக் குறையில்லை. மெட்ராஸ் ஆட்களுக்குக் கோடு என்பது உயிர். ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு வரைந்த நூறு காந்திக் கோட்டோவியங்களை அறியாத தமிழ் வாசகர் குறைவு, அவர் கோட்டோவியங்கள் பெரிய தொகுப்பாகவே வந்திருக்கின்றன. எஸ். தனபாலுக்கு (1919–2000) 'ஒரு சிற்பியின் சுயசரிதை' என்று தமிழிலேயே ஒரு புத்தகம் இருக்கிறது. தனபால் மயிலாப்பூர்க்காரர், ஓவியராகத் தொடங்கிச் சிற்பத்துக்கு வந்தவர், பெரியார், திரு.வி.க., பாரதிதாசன் தலைகளை மண்ணில் பிடித்தவர், 1970களில் கல்லூரி முதல்வர். தமிழில் ஒரு சிற்பி தன் கதையைத் தானே சொன்ன புத்தகம் என்று கையில் எடுத்துக் கொடுக்கக்கூடியது. படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள், சும்மா சொல்லக்கூடாது, நாவல் மாதிரி ஓடும். பெரிய சிலைகளுக்கும் செய்தித்தாள் நறுக்குகள், விழா மலர்கள் என்று ஏதோ ஒரு தடயம் கிடைக்கிறது.

நடு அலமாரி காலி. 1963க்கும் 1970களின் நடுவுக்கும் இடையில் மெட்ராஸ் வீடுகளுக்கு விற்றுப்போன பத்திக் விரிப்புகள், செம்புத் தட்டுகள், சாம்பல் கிண்ணங்கள், சுவரில் மாட்டுகிற எனாமல் துண்டுகள் எத்தனை இருக்கும்? கண்காட்சிக்குப் போன சிற்பங்களை விட எண்ணிக்கையில் அதிகம் என்பது அவர்கள் தினமும் செய்ததிலிருந்தே தெரிகிறது. ஆனால் கண்காட்சிச் சிற்பத்துக்குப் பட்டியல் இருக்கும், எண் இருக்கும், புகைப்படம் இருக்கும். தட்டுக்கு எதுவும் இருக்காது. அது சங்கத்தின் சாமான், ஆள் பெயர் போட்டு விற்கிற பொருள் அல்ல. கால்டர் வீட்டுக் கரண்டிக்கு ஒரு பவுண்டேஷன், அடையாள எண், காவலுக்கு ஆள் இருக்கிறது. அதே வயசுள்ள நம் தட்டு, வாங்கினவர் காலமானதும் வீடு இடிக்கும்போது மூட்டையில் போகிறது.

எங்கே போகிறது என்றும் பார்த்தேன். பூந்தமல்லி பக்கம் ஒரு பழைய பாத்திரக் கடையில் அடிக்கடி நிற்பேன். வெண்கல உருளி, பித்தளை அண்டா எல்லாம் இப்போது ஓட்டல் அலங்காரத்துக்கு நல்ல விலைக்குப் போகிறது, அதனால் கடைக்காரர் அவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார். தட்டையான செம்பு, கறுத்துப்போன எனாமல் போட்டது, ஓரம் வளைந்தது எல்லாம் இன்னொரு சாக்கு. "இது என்ன ரகம்னே தெரியல சார். பூஜைக்கும் ஆவாது, சமையலுக்கும் ஆவாது. கிலோ கணக்குதான்" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, பெயர் இல்லாத பொருளுக்கு எடையைத் தவிர வேறு என்ன அளவு இருக்கிறது? அந்தச் சாக்கில் ஓவியர்கள் செய்த தட்டு எதுவும் இருந்தது என்று நான் சொல்லவில்லை. இருந்திருந்தால் அவரும் நானும் அதை எப்படி அடையாளம் கண்டிருப்போம் என்பதுதான் கேள்வி.

அடையாளம் காண முடியாத விஷயமும் இல்லை. அச்சில் அழுத்தின தட்டுக்கும் கையால் அடித்த தட்டுக்கும் வித்தியாசம் அடிப்பக்கத்தில் தெரியும். கையால் அடித்ததில் சுத்தித் தழும்பு சின்னச் சின்னப் பள்ளமாக, வட்டமாக, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றிக்கொண்டு போகும். கன்னார் அடித்தது ஒரே சீராக இருக்கும், அது அவர் தொழில். ஓவியர் கையில் அது சில இடத்தில் தப்பும், சில இடத்தில் வேண்டுமென்றே நிற்கும். கம்பி பற்றவைத்த இடத்தில் வெள்ளைப் பற்று வெளியே வழிந்திருக்கிறதா, சுத்தமாக ராவியிருக்கிறதா என்று பார்க்கலாம். பத்திக் துணியாக இருந்தால் மெழுகு வெடித்து சாயம் இறங்கிய நரம்புகள் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தமாக இருக்கும், அச்சடித்த போலியில் பின்பக்கம் வெளிறியிருக்கும். ஓரத் தையலை மடக்கிப் பாருங்கள், சில சமயம் உள்ளே பென்சிலில் எண்ணோ எழுத்தோ இருக்கும்.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ அந்தக் காலத்தில் ஓவியர்கள் நடத்திய விற்பனையில் வாங்கியது என்று சொல்லப்படுகிற ஏதாவது இருந்தால், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, வேண்டுமென்றே ஏற்றியது. முன்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று என்று மூன்று படம் எடுத்து வையுங்கள். யார் வாங்கினார், எந்த வருஷம், என்ன விலை என்பதை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதோடு கட்டிவிடுங்கள். விலை ஞாபகம் இருக்கிறவர்கள் பெரும்பாலும் பாட்டிகள்தான், அவர்களிடம் முதலில் கேளுங்கள்.